அமைச்சர் இலங்கையிடம் என்ன பேசினார் என்று யாரிடம் கேட்பது?

கேள்வி: என் விசைப்படகு இலங்கையில் பிடிபட்டு மாதக்கணக்காகிறது. ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், படகு வரவில்லை. எங்கள் எம்.பி. மக்களவையில் கேட்டதற்கு எழுத்துமூலம் வந்த பதிலில், தூதரக வழியில் பேசப்படுகிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. டெல்லியில் ஆள் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் மறுபடி கேள்வி போட வைத்து, இலங்கைக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், ராமேசுவரம்

பதில்: கொடுக்காதீர்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கக் கட்டணம் கிடையாது. எம்.பி. தம் பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் கேள்வி. அதற்குக் காசு வாங்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் இரு அவைகளும் வெளியேற்றின. உங்களிடம் வந்தவருக்கு ஓர் எம்.பி.யின் உதவியாளரைக்கூடத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதிலையே அச்சடித்து, மேலே ஒரு ரப்பர் முத்திரை குத்தி 'ரகசிய நகல்' என்று விற்பவர்கள் இவர்கள். முத்திரையைக் கண்டதும் நம் ஜனங்களுக்கு ஒரு பயபக்தி வந்துவிடுகிறது! உண்மையான கடிதமே கைக்கு வந்தால் இன்னும் ஆபத்து. அலுவல் ரகசியச் சட்டத்தில் கொடுத்தவரோடு வாங்கியவரும் மாட்டுவார்.

சரி, அமைச்சர் விவரம் சொல்ல மறுக்கலாமா? மறுக்கலாம். இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சபாநாயகரே அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரே ஒரு சந்து உண்டு. அவையில் வைக்கப்படாத அரசுக் கடிதத்திலிருந்து ஓர் அமைச்சர் மேற்கோள் காட்டினால், அந்தக் கடிதத்தை அவர் அவையில் வைத்தாக வேண்டும் என்கிறது மக்களவை விதி 368. தமக்குச் சாதகமான ஒரு வரியை வாசித்துவிட்டு மீதியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால், கடிதத்தின் சாரத்தைச் சொந்த வார்த்தைகளில் சொன்னால் வைக்கத் தேவையில்லை. அப்படியே வாசித்திருந்தாலும், வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று சொல்லிவிட்டால் அப்போதும் தேவையில்லை. ஒரு கையால் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடுங்கிக்கொள்கிற விதி. விவரம் தெரிந்த அமைச்சர் இதனால்தான் எதையும் வாசிப்பதில்லை, சாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார். உங்களுக்கு வந்ததோ எழுத்துமூலப் பதில். அதில், பதிலைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு எழுப்பும் துணைக் கேள்விக்கே வழியில்லை. அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குத்தான் அந்த வாய்ப்பு. அதுவும் ஒரு நாளைக்கு 20 கேள்விதான், குலுக்கலில் விழ வேண்டும்.

1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஜூலை 23 அன்றுதான் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். முடிந்த பிறகு சொல்லும் அந்தப் பழக்கம் அரை நூற்றாண்டாகியும் டெல்லியை விடவில்லை.

அதனால் கேட்கிற விதத்தை நாம்தான் மாற்ற வேண்டும். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கடித நகல் கேட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குத் தகவல் அறியும் உரிமை மனு போட்டால், அயல்நாட்டு உறவு பாதிக்கும் என்று 8ஆம் பிரிவைக் காட்டி ஒரே வரியில் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: இந்தப் பதிவு எண் கொண்ட என் படகு, விடுவிக்கக் கோரி இலங்கையிடம் கொடுத்த பட்டியலில் இருக்கிறதா? எந்தெந்தத் தேதிகளில், எந்த நிலை அதிகாரி கோரிக்கை வைத்தார்? தேதியும் எண்ணும் சொன்னால் எந்த உறவும் முறிந்துவிடாது. ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு மற்றதைத் தர 10ஆம் பிரிவு இடம் தருகிறது, அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு இலவசம். எம்.பி.யிடமும் இதே கேள்விகளை எழுதிக் கொடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

இவற்றைவிட அவசரம் வேறொன்று. படகின் கதியை முடிவு செய்வது இலங்கை நீதிமன்றம். உரிமை கோரும் விசாரணைக்கு ஆவணங்களோடு உரிமையாளர் ஆஜராகாவிட்டால் படகு அங்கே அரசுடைமையாகிவிடும். உங்கள் தேதி எப்போது, போய்விட்டதா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் இந்த வாரமே விசாரியுங்கள்.