மண்டபத்தில் நலொக்சோன்: பூட்டிய அலுமாரியில் மட்டும் வேண்டாம்

கேள்வி: ஸ்காபரோவில் ஓர் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். போன மாதம் எங்கள் மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவில் ஒரு இளைஞன் வாஷ்ரூமில் மயங்கிக் கிடந்தான். அம்புலன்ஸ்காரர்கள் மூக்கில் ஏதோ மருந்து அடித்துத்தான் எழுப்பினார்கள். அதை நாங்களும் வைத்திருக்கலாமா? எங்கே எடுப்பது? பிறகு சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: தாராளமாக வைத்திருக்கலாம். எடுப்பது சுலபம். எடுத்ததை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் என் கவலை.

அந்த மருந்தின் பெயர் நலொக்சோன். ஃபென்டனில், ஹெரோயின், மோர்ஃபின் போன்ற ஓபியாய்ட் மருந்துகள் அளவு மீறினால், மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியையே அமுக்கிவிடும். நலொக்சோன் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். உடம்பில் ஓபியாய்ட் இல்லையென்றால் அது ஒன்றும் செய்யாது. அதனால் வேறு காரணத்தால் மயங்கியவருக்குத் தவறுதலாக அடித்துவிட்டாலும் பயமில்லை. கனடாவில் 2016 முதல் ஓபியாய்ட் நச்சால் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அதே 2016-இல்தான் நலொக்சோனுக்கு டொக்டரின் சீட்டு தேவையில்லை என்று ஆக்கினார்கள்.

ஒன்ராறியோவில் பல பார்மசிகளில் நலொக்சோன் கிற் (மருந்துப் பெட்டி) இலவசம். ஹெல்த் கார்ட் கட்டாயமில்லை. மூக்கில் அடிக்கும் வகையைக் கேளுங்கள். 4 மில்லிகிராம் ஸ்ப்ரே இரண்டு, கையுறை, வாயில் ஊதும்போது இடையில் வைக்கும் மறைப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் பார்மசித் திட்டம் தனி ஆட்களுக்கானது. சங்கத்தின் பெயரில் மொத்தமாக எடுப்பதற்கல்ல. அமைப்புகளுக்கு நகரப் பொதுச் சுகாதாரப் பிரிவு கொடுக்கிறது, அதற்குத் தகுதி விதிகள் உண்டு. விண்ணப்பித்துப் பாருங்கள். அதுவரை காத்திருக்காமல், நிர்வாகக் குழுவில் நாலு பேர், சமையலறையில் ஒருவர், கார் பார்க்கில் நிற்கும் பிள்ளைகளில் ஒருவர் என்று ஆளுக்கொன்று எடுத்துவிடுங்கள். பாவிக்கும் முறையை, பார்மசியில் வேலை செய்யும் நாங்கள் கவுன்ரரிலேயே பத்து நிமிடத்தில் சொல்லித் தருவோம்.

சரி, இவ்வளவு சுலபமென்றால் ஏன் எங்கள் ஆட்களிடம் இது இல்லை? ஒருநாள் ஒரு அம்மா பிரஷர் மாத்திரை வாங்கிய பிறகும் போகாமல், வரிசை கரையும்வரை வாழ்த்து மட்டைகளைப் புரட்டிக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து, "தம்பி, அந்த மூக்கில அடிக்கிற மருந்து... எனக்கில்லை, தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்கில்லை. கிற்றைப் பையின் அடியில் வைத்து, மேலே கறிவேப்பிலைக் கட்டைப் போட்டு மூடிக்கொண்டு போனார்.

அந்தக் கூச்சம் மண்டபங்களிலும் உண்டு. ஓர் இடத்தில் கிற் இருந்தது. அலுவலக அலுமாரிக்குள், பூட்டி. சாவி பொருளாளரின் வீட்டில்! மூச்சு நின்றவருக்கு நாலைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். சாவி வரும்வரை அது பொறுக்காது. முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, தமிழில் பெயர் எழுதி மாட்டுங்கள். வாஷ்ரூமுக்குப் போகும் வழியென்றால் இன்னும் நல்லது. காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், எங்கள் பனிக்கும் கோடை வெயிலுக்கும் அது சரிவராது.

ஆள் விழுந்து கிடந்தால் தோளை உலுக்கிக் கூப்பிடுங்கள். எழும்பவில்லை, மூச்சு மெதுவாக அல்லது குறட்டைபோலக் களகளக்கிறது, உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறம் என்றால் 911-ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, ஒரு மூக்குத் துவாரத்தில் அடியுங்கள். வேலை செய்கிறதா என்று முதலில் காற்றில் அடித்துப் பார்க்காதீர்கள். ஒரு கருவியில் ஒரு டோஸ்தான். செயற்கை மூச்சோ நெஞ்சழுத்தமோ தெரிந்தால் கொடுங்கள், தெரியாவிட்டால் 911-இல் சொல்லித் தருவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லையென்றால் மற்றத் துவாரத்தில் இரண்டாவது. மூச்சு வந்ததும் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். இப்போது தெருவில் விற்பதில் தூக்க மருந்துகளும் கலந்திருப்பதால், மூச்சு வந்தும் ஆள் முழிக்காமல் இருக்கலாம். முழித்தவர் கோபப்படலாம், வாந்தி எடுக்கலாம், "எனக்கொன்றுமில்லை" என்று புறப்படவும் பார்க்கலாம். விடாதீர்கள். நலொக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்வரைதான். அது இறங்கியபின் மூச்சு மறுபடி அடங்கக்கூடும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைம்மாறு எதிர்பாராமல் அவசர உதவி செய்பவர்மேல் நட்டஈட்டு வழக்கு வராமல் ஒன்ராறியோவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது, பெரும் அலட்சியம் இல்லாதவரை. 911-ஐ அழைத்தவர்மீதும் அங்கே நின்றவர்கள்மீதும் சொந்தப் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சுமத்த முடியாது என்று 2017-இல் மத்திய சட்டமும் வந்துவிட்டது. விற்றவருக்கு அந்தச் சலுகை கிடையாது. விழுந்தவனின் நண்பர்கள் பொலிசுக்குப் பயந்து ஓடுவதுதான் வழக்கம், ஆகவே இதை இளைஞர் அணியிடம் முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், காலாவதித் திகதியைப் பெட்டியின் வெளியே மார்க்கரால் பெரிதாக எழுதி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். பாவித்தாலும் திகதி முடிந்தாலும் பார்மசிக்கு வந்து புதியதை எடுத்துக்கொள்ளலாம்.