வீடியோல கண் சிமிட்டுறத எண்ண பைத்தான்ல புரோகிராம் எழுதினேன், கண்ணு எவ்ளோ திறந்திருக்குன்னு காட்டுற நம்பருக்கு 0.2ன்னு லிமிட் வெச்சிருக்கேன், ஆனா கீழ குனிஞ்சு பாத்தாலே சிமிட்டல்னு எண்ணுது, ஏன்?

நானும் இதே பள்ளத்துல விழுந்து எந்திரிச்சவன் தாங்க. மானிட்டரயே முறைச்சுப் பாத்துட்டு இருந்ததுல கண்ணு வறண்டு எரியுதுன்னு, நிமிஷத்துக்கு எத்தன தடவ சிமிட்டுறேன்னு எண்ணலாம்னு ஆரம்பிச்சேன். சாதாரணமா 15லேர்ந்து 20 இருக்கும்னு சொல்வாங்க, எனக்கு என்னடான்னா 60 காட்டுச்சு! அதே வீடியோவ ஸ்லோ மோஷன்ல போட்டு கையால எண்ணினா 9 தான்.

நீங்க போட்டிருக்கிற கணக்கு 2016ல பிராக்ல இருந்து டெரெசா சௌகுபோவா, யான் செக்னு ரெண்டு பேர் எழுதின ஆராய்ச்சிப் பேப்பர்ல வந்தது. ஒரு கண்ணச் சுத்தி ஆறு புள்ளி, மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவுல ரெண்டு எடத்துல தூரம் எடுத்துக் கூட்டி, கண்ணோட அகலத்த ரெண்டு மடங்காக்கி அதால வகுக்கணும். அகலத்தால வகுக்குறதால நீங்க கேமராவுக்குக் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் நம்பர் பெருசா மாறாது. கண்ணு திறந்திருந்தா ஓரளவு நிலையா நிக்கும், மூடினா சடார்னு பூஜ்யம் பக்கம் இறங்கும். இது வரைக்கும்தான் எல்லாரும் எடுத்து காப்பி பண்றாங்க, ஆனா அந்த பேப்பரே வெறும் லிமிட் போதாதுன்னு சொல்லி, ஒரு ஃப்ரேம், அதுக்கு முன்னாடி 6, பின்னாடி 6ன்னு மொத்தம் 13 ஃப்ரேமோட நம்பர சேர்த்து ஒரு எஸ்விஎம்ல (உதாரணங்கள் காட்டிப் பழக்கினா இது சிமிட்டல், இது இல்லன்னு பிரிக்கற முறை) கொடுத்து முடிவு பண்ணுது. அந்தப் பாதிய யாரும் எடுத்துக்கல.

ஏன்னா நம்பர் எவ்ளோ இறங்குச்சுங்கறத விட எப்படி இறங்கி எப்படி ஏறுச்சுங்கறதுதான் சிமிட்டல். ஒரு சிமிட்டல் சுமாரா 100லேர்ந்து 400 மில்லி செகண்ட்ல முடிஞ்சிடும், கீபோர்டப் பாக்கக் குனியும்போது மேல் இமை இறங்கி அங்கயே நிக்கும், சிரிச்சாலும் கண்ணு சுருங்கி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். எங்கம்மாவுக்கு நல்லா திறந்த கண்ணுக்கே 0.22 தான் வருது, 0.2 வெச்சா அவங்க நாள் பூரா சிமிட்டிட்டே இருக்கற மாதிரி ஆயிடும்.

அதனால எஸ்விஎம் எல்லாம் வேணாம்னாலும் இத மட்டும் பண்ணுங்க. கடைசி 10 செகண்டோட நம்பர்கள்ல நடு மதிப்ப (மீடியன்) எடுத்து வெச்சுக்கோங்க, அதுல முக்கால்வாசிக்குக் கீழ இறங்கி அரை செகண்டுக்குள்ள திரும்ப ஏறினாத்தான் எண்ணுங்க. குனிஞ்சிட்டே சிமிட்டுறது சிலது தப்பிப் போகும், எனக்கும் போகுது, விட்டுட்டேன்.

இன்னொண்ணு, ராத்திரி டெஸ்ட் பண்ணாதீங்க. வெளிச்சம் கம்மியானா நிறைய வெப்கேம் தானாவே செகண்டுக்கு 30 ஃப்ரேம்லேர்ந்து 15க்கு இறங்கிடும், அப்போ வேகமான சிமிட்டல் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல மாட்டினா உண்டு. நானோ மூணு ஃப்ரேம் தொடர்ந்து மூடியிருக்கணும்னு கண்டிஷன் போட்டுட்டு, பகல்ல ஓடுறது ராத்திரி ஏன் ஓடலன்னு ரெண்டு நாள் கோட நோண்டிட்டு இருந்தேன். ஃப்ரேமக் கணக்குல எடுக்காம நேரத்த வெச்சே எழுதுங்க, டேபிள் லைட்டயும் மூஞ்சிப் பக்கம் திருப்பி வைங்க, ஆனா கண்ணாடி போட்டிருந்தா கொஞ்சம் சாய்ச்சு வைங்க, இல்லன்னா லென்ஸ்ல வெளிச்சம் அடிச்சு இமைப் புள்ளியெல்லாம் கூத்தாடும்.