கலவர ஊர்ல பந்து ஆடுறவன் கதி: இந்த வாரக் கேள்வி-பதில்

போன வாரம் ஜெயில்ல மாட்டின பஹ்ரைன் ஃபுட்பால் பிளேயர் ஹக்கீம் அல் அரைபி பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே கேள்விய பல பேர் கேட்டிருந்தீங்க, அதையெல்லாம் சேர்த்துட்டேன்.

புஷ்காஷ் ஹங்கேரிக்காரர்தானே, 1962 வேர்ல்ட் கப்ல எப்படி ஸ்பெயினுக்கு ஆடினாரு? (செக்காலை, காரைக்குடி)

1956ல ஹங்கேரில புரட்சி வெடிச்சப்ப அவரோட டீம் ஹான்வேட் யூரோப்பியன் கப் ஆட வெளிநாடு போயிருந்துச்சு, சோவியத் டாங்கு புடாபெஸ்ட்டுக்குள்ள புகுந்ததும் அவரு திரும்பிப் போகல. அதுக்குத் தண்டனையா ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆட்டமே இல்ல. 31 வயசுல, வெயிட் போட்ட உடம்போட ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட் போய் 1960 யூரோப்பியன் கப் பைனல்ல 4 கோல் அடிச்சாரு. அந்தக் காலத்து ரூல்ல நாடு மாறி ஆடலாம், இப்ப அவ்வளவு சுலபமா முடியாது. சொந்த ஊர் மண்ண மறுபடி மிதிக்க அவருக்கு 1981 ஆச்சு, கிட்டத்தட்ட 25 வருஷம்.

என் மகனுக்கு 17 வயசு. ஏஜென்ட் ஒருத்தர் வெளிநாட்டு கிளப்ல சேர்த்து விடுறேன்னு 3 லட்சம் கேக்குறாரு. அங்க கொஞ்சம் கலவரம்னு டிவில காட்டுறாங்க, அனுப்பலாமா? (தேவகோட்டை)

அம்மா, எந்த நாடுன்னு எழுதல, எந்த கிளப்புன்னு எழுதல, காண்ட்ராக்ட் என்ன மொழில இருக்குன்னும் எழுதல, 3 லட்சம் மட்டும் கரெக்டா எழுதியிருக்கீங்க. இப்படிக் கேட்டா நான் என்னத்த சொல்ல? 18 வயசு ஆகாத பையன வெளிநாட்டு கிளப்புக்கு டிரான்ஸ்பர் பண்ண ஃபிஃபா விடாது, பெத்தவங்க வேற வேலையா அங்க குடிபோறது மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. அதனால அனுப்ப வேணாம். அந்த ஏஜென்ட்கிட்ட ஃபிஃபா லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, 2023லேருந்து அது இல்லாம இந்தத் தொழிலே பண்ணக்கூடாது.

நாளைக்கு அவன் 18 முடிச்சுப் போனாலும் ஒண்ணே ஒண்ணு, பாஸ்போர்ட்ட யார் கையிலயும் குடுக்கக்கூடாது. நான் ஆடுன காலத்துல ஒரு கிளப்ல எல்லார் பாஸ்போர்ட்டையும் பத்திரமா இருக்கும்னு ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க, ஊர்ல கலவரம் வந்த அன்னிக்கு ஆபீஸப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, பத்து நாள் ரூம்ல அடைஞ்சு கிடந்தோம். பாஸ்போர்ட் பையன்கிட்ட, காண்ட்ராக்ட் காப்பி ஒண்ணு வீட்ல. இத நான் எழுதாத வாரமே கிடையாது, ஆனாலும் எழுதுவேன்.

ஐவரி கோஸ்ட் பிளேயர் துரோக்பா முட்டி போட்டுக் கேட்டதும் அங்க உள்நாட்டுப் போர் நின்னுடுச்சாமே? (புதுவயல்)

அப்படியே நிக்கல. 2005 அக்டோபர்ல சூடான் நாட்டு டீம ஜெயிச்சு வேர்ல்ட் கப்புக்குத் தகுதியான அன்னிக்கு டிரஸ்ஸிங் ரூம்லேருந்து ஐவரி கோஸ்ட் டீமே முட்டி போட்டு ஆயுதத்தக் கீழ போடுங்கன்னு கேட்டுச்சு. சமாதான ஒப்பந்தம் வந்தது 2007 மார்ச். அந்த ஜூன்ல கிளர்ச்சிக்காரங்க கோட்டையா இருந்த புவாக்கேலயே மேட்ச் நடந்து 5-0ன்னு ஜெயிச்சாங்க, அது பெரிய விஷயம், இல்லங்கல. ஆனா 2010 கடைசில எலெக்‌ஷன் முடிஞ்சு திரும்ப அடிதடி, 3,000 பேர் கிட்ட செத்தாங்க. ஒரு ஃபுட்பால் பிளேயர் தலையில ஒரு நாட்டோட சமாதானத்த ஏத்தி வைக்காதீங்க.

ஆட்டக்காரன்னா ஆட்டத்தோட நிக்கணும். அரசியல்ல மூக்க நுழைச்சா அனுபவிக்க வேண்டியதுதானே? (கோட்டையூர்)

இந்தக் கேள்விய எத்தனை வருஷமா கேக்குறீங்க. கேக்குறவங்க ஒருத்தராச்சும் அந்த பிளேயர் நெஜமா மூக்க நுழைச்சாரான்னு பாத்திருக்கீங்களா?

ஹக்கீம் அல் அரைபிய எடுத்துக்குங்க. பஹ்ரைன் போலீஸ் ஸ்டேஷனத் தாக்கினாருன்னு கேஸ், 10 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. சம்பவம் நடந்ததாச் சொல்ற நேரத்த ஒட்டி அவரு மேட்ச்ல இருந்தாரு, அந்த மேட்ச் டிவில ஓடிருக்கு. ஊர் ஊரா டிவில பாத்த ஆள அங்க இல்லன்னு ஒரு கோர்ட் முடிவு பண்ணுது. தப்பிச்சு ஆஸ்திரேலியா போனாரு, அகதின்னு ஏத்துக்கிட்டாங்க. 2018 நவம்பர்ல ஹனிமூனுக்கு பாங்காக் போனவர ஏர்போர்ட்லயே பிடிச்சு ரெண்டரை மாசம் உள்ள வச்சாங்க, காலுக்குச் சங்கிலி போட்டுக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஆஸ்திரேலியாவோட பழைய கேப்டன் கிரெய்க் ஃபாஸ்டர் ஒவ்வொரு கதவா தட்டினதுனாலதான் 2019 பிப்ரவரில வெளிய வந்தாரு.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம மணிப்பூர் சிங்லென்சனாவப் பாருங்க. 2023 மே 3, பக்கத்துல கோழிக்கோட்டுல ஹைதராபாத் டீமுக்காக மேட்ச் ஆடிட்டு வந்து போனப் பாத்தா ஊர் எரியுதுன்னு சேதி. சுராசந்த்பூர்ல கட்டின வீடு போச்சு, ஊர்ப் பசங்களுக்காகப் போட்ட டர்ஃப் கிரவுண்டும் போச்சு, அப்பா அம்மா நிவாரண முகாம்ல. அவரு எந்த மேடையில ஏறி என்ன அரசியல் பேசினாரு? 90 நிமிஷம் டிஃபென்ஸ் ஆடினாரு, அவ்வளவுதான்.

பேசினவங்களும் இருக்காங்க. சிலியில கார்லோஸ் காஸ்ஸெலி 1974 வேர்ல்ட் கப்புக்குக் கிளம்புறப்ப ராணுவ சர்வாதிகாரி பினோச்சேவுக்குக் கை குடுக்காம கைய பின்னாடி கட்டிட்டு நின்னாரு, அவரு அம்மாவப் பிடிச்சுட்டுப் போய் சித்திரவதை பண்ணாங்க. கை குடுக்கல, அவ்வளவுதான், வேற ஒரு குத்தமும் பண்ணல. இதையும் அனுபவிக்கட்டும்னு எழுத உங்களுக்குக் கை வருதா?

ஒரு பிளேயருக்கு மொத்தமே பத்துப் பன்னெண்டு வருஷம்தான் ஆட்டம். அதுல ரெண்டு வருஷம் கலவரம் தின்னுட்டுப் போனா எவனும் திருப்பித் தர மாட்டான். நம்ம கடைய ரெண்டு வருஷம் மூடினா அப்புறம் திறந்துக்கலாம், முழங்கால் அப்படிக் காத்துக்கிட்டு இருக்காது.

ஈரான்ல பிளேயரத் தூக்குல போட்டுட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, உண்மையா? (கானாடுகாத்தான்)

அமீர் நஸ்ர் அசதானியச் சொல்றீங்கன்னா, தூக்கு இல்ல, 2023 ஜனவரில 26 வருஷ ஜெயில் தண்டனை. 1984ல ஹபீப் கபீரின்னு நேஷனல் டீம் பிளேயருக்கு மரண தண்டனை நிறைவேத்தினது நெஜம். உயிரோட இருக்கிற ஆள செத்துட்டான்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அவங்க வீட்லயும் அத யாராச்சும் படிப்பாங்க.

சண்டை நடக்குற ஊர்ல கிளப் சம்பளம் தரலன்னா? (காரைக்குடி)

ரெண்டு மாசச் சம்பளம் நின்னா எழுத்துல நோட்டீஸ் குடுத்து 15 நாள் டைம் விடணும், அப்பவும் வரலன்னா காண்ட்ராக்ட்ட முறிச்சுட்டு வந்துடலாம், ஃபிஃபா ரூல்லயே இருக்கு. வாய்ல கேட்டது கணக்குல சேராது. காண்ட்ராக்ட் காப்பி வீட்ல இருக்கணும்னு அதுக்குத்தான் சொல்றேன்.

எங்க அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவங்க. அந்த ஊர் கோல்கீப்பர் ஜப்பான்லயே தங்கிட்டாருன்னு படிச்சேன், விவரம் சொல்லுங்கண்ணே. (பள்ளத்தூர்)

பியே லியான் ஆங். 2021ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதும் பல பிளேயருங்க நேஷனல் டீமுக்கு ஆட மாட்டோம்னுட்டாங்க, இவரு ஜப்பான் போன டீம்ல சப்ஸ்டிடியூட் கீப்பர். மே 28ந் தேதி தேசிய கீதம் ஓடுறப்ப ராணுவத்த எதிர்க்குற அடையாளமா மூணு விரலத் தூக்கினாரு, விரல்லயே எங்களுக்கு நீதி வேணும்னு எழுதியிருந்துச்சு. மேட்ச் 10-0ன்னு தோத்தாங்க, அது யாருக்கும் ஞாபகம் இல்ல, விரல்தான் ஞாபகம். ஜூன்ல டீம் ஊருக்குக் கிளம்புறப்ப ஒசாகா பக்கம் கன்சாய் ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் கவுண்டர்ல நின்னு நான் திரும்பிப் போகலன்னு சொல்லிட்டாரு. ஆகஸ்ட்ல ஜப்பான் அகதின்னு ஏத்துக்கிச்சு, அப்புறம் யோகோஹாமால ஒரு சின்ன கிளப்ல சேர்ந்தாரு.

1942ல பர்மாவுல ஜப்பான் குண்டு விழுந்தப்ப நம்ம ஆளுங்க கடைப் பெட்டியடியையும் கணக்குப் புத்தகத்தையும் அப்படியே விட்டுட்டு அரக்கான் வழியா, அஸ்ஸாம் வழியா நடந்தே வந்தாங்க, எங்க தெருவுலயே அப்படி வந்த அப்பச்சி ஒருத்தர் இருந்தாரு, ரங்கூன் வீட்டுச் சாவிய கடைசி வரைக்கும் இடுப்புலயே முடிஞ்சு வச்சிருந்தாரு. அந்த கோல்கீப்பர் பையனுக்கும் ஊர்ல ஒரு வீடு இருந்திருக்கும்ல.