ஆங்கிலச் சிறுகதையின் வளர்ச்சி: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு 'ஆங்கிலச் சிறுகதையின் வளர்ச்சி' என்ற தலைப்பு கிடைத்திருக்கிறது. நூலகத்தில் நாலைந்து இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டினேன், எல்லாவற்றிலும் பெயர்ப் பட்டியல்தான். கையில் நாலு மாதம் இருக்கிறது. எதை, எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். பெயரும் வருடமும் அடுக்கினால் நாற்பது பக்கம் சுலபமாக வந்துவிடும், ஆனால் இந்த வடிவம் அமெரிக்காவில் ஏன் முந்திக்கொண்டது, இங்கிலாந்தில் ஏன் அவ்வளவு தாமதமாக வேர்பிடித்தது என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது. ஒவ்வொரு கதையையும் எடுத்தவுடன் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: முதலில் எதில் அச்சானது, யார் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு இடம் கிடைத்தது. சிறுகதை பத்திரிகையில் வளர்ந்த பிள்ளை, அந்த வீட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்காவில் 1819-லேயே வாஷிங்டன் இர்விங் தொடங்கிவிட்டார். ஹாதார்னின் கதைத்தொகுப்புக்கு எட்கர் ஆலன் போ 1842-ல் 'கிரஹாம்ஸ் மேகசின்' இதழில் எழுதிய மதிப்புரையைக் கட்டாயம் படியுங்கள். ஒரே அமர்வில் படித்து முடிக்கிற அளவு, அதாவது அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், அதற்குள் வாசகர் மனதில் ஒரே ஒரு விளைவு, முதல் வாக்கியத்திலிருந்தே எல்லாம் அதை நோக்கி நகர வேண்டும் என்கிறார். அமெரிக்கா முந்திக்கொண்டதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது, ஆங்கில நாவல்களைக் காசு கொடுக்காமலேயே அங்கே அச்சடித்து விற்க முடிந்தது. அப்படியிருக்க உள்ளூர்க்காரரின் நாவலுக்கு எந்தப் பதிப்பகம் ஆவலோடு பணம் போடும்? அவர்களுக்குப் பத்திரிகைதான் வாசல். (இதுவே முழுக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், முக்கியமான ஒன்று, அவ்வளவுதான்.)

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே நாவலை மூன்று பாகமாக அச்சிட்டு மூடீஸ் போன்ற வாடகை நூலகங்களுக்கு விற்றார்கள், இல்லையென்றால் தொடராக வெளியிட்டார்கள், எழுத்தாளருக்கு நீளத்தில்தான் வருமானம். 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு படிக்கத் தெரிந்தவர்கள் பெருக, மலிவு இதழ்களும் பெருகின. 1891 ஜனவரியில் 'ஸ்ட்ராண்ட் மேகசின்' வந்தது, அதே ஆண்டு ஜூலையில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் அதில் தொடங்கின: நாயகன் ஒருவனே, ஆனால் ஒவ்வொரு இதழிலும் கதை முடிந்துவிடும், ஒரு மாதம் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. 1890-களின் நடுவில் மூன்று பாக நாவல் வழக்கமும் ஓய்ந்தது. இதற்கெல்லாம் சில ஆண்டுகள் முன்பே லாகூரில் ஒரு நாளிதழில் வேலை பார்த்த கிப்ளிங், நாளிதழ் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கும்படி கதைகளை இறுக்கி எழுதிப் பழகியிருந்தார். நம் பக்கத்துத் தொடர்பு இது, ப்ராஜெக்ட்டில் விட்டுவிடாதீர்கள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி சிஸ்டர்ஸ்' முதலில் 1904 ஆகஸ்டில் 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்ற விவசாயக் கூட்டுறவு இதழில் வந்தது. 1914-ல் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் வந்தது கிட்டத்தட்ட வேறு கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய வடிவத்தில், தெய்வச் செயல் போல மூன்று இரவு தொடர்ந்து அந்தத் தெருவுக்கு வந்து நின்றேன் என்று சிறுவன் நிதானமாகத் தொடங்குகிறான். புதியதில் எடுத்த எடுப்பிலேயே, இந்த முறை அவர் பிழைக்க வழியில்லை, இது மூன்றாவது பக்கவாதத் தாக்கு. 'அவர்' சாகக் கிடக்கும் பாதிரியார், ஆனால் அதைக் கதை அங்கே சொல்லவில்லை. பக்கவாதம், நோமன் (ஒரு மூலை வெட்டப்பட்ட இணைகர வடிவம்), சைமனி (தேவாலயப் பதவிகளைக் காசுக்கு விற்பது) என்று சிறுவன் மனதில் உருட்டும் மூன்று சொற்களும் பழையதில் இல்லவே இல்லை. கடைசியில் பாதிரியாரின் சகோதரி பேசிக்கொண்டே போக, வாக்கியம் புள்ளிகளாகத் தேய்ந்து கதை நின்றுவிடுகிறது. எதைச் சொல்லாமல் விடுவது என்பது ஒரு கலையாக மாறுவதை இந்தப் பத்து வருட இடைவெளியில் கண்ணால் பார்க்கலாம். எந்த வரலாற்று நூலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

அப்புறம் ரஷ்ய எழுத்தாளர் செகாவ். 1916 முதல் 1922 வரை கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் மொழிபெயர்ப்புகள் 13 தொகுதிகளாக வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டைப் படியுங்கள். வர்ஜீனியா வுல்ஃபின் 'கியூ கார்டன்ஸ்' 1919-ல் அவரும் கணவரும் நடத்திய சொந்த அச்சகத்திலேயே வந்தது, இதழாசிரியர் யாரையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கவில்லை, அந்தச் சுதந்திரம் கதையில் தெரிகிறது. ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் வைட் எலிஃபன்ட்ஸ்' ஒன்று போதும்: கதை முழுக்கக் கருக்கலைப்பைப் பற்றியது, அந்தச் சொல் ஓர் இடத்திலும் வராது. கடைசியாக இன்னொரு ஜோடி: ரேமண்ட் கார்வரின் 'தி பாத்', 'எ ஸ்மால், குட் திங்'. ஒரே கதைதான், முதலாவது, பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டிக் குறைத்த வடிவம், இரண்டாவதில் கார்வர் நீளத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

தலைப்பை உங்கள் வழிகாட்டியிடம் பேசிச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'வளர்ச்சி' முழுவதும் நாலு மாதத்துக்கு அடங்காது, '1891 முதல் 1927 வரை சிறுகதை முடிவுகள்' என்பது போல ஏதாவது அடங்கும். பன்னிரண்டு கதை எடுத்தால் போதும், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படியுங்கள், முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் நோட்டில் கையால் எழுதிவையுங்கள். விமர்சனத்துக்கு ஃபிராங்க் ஓ'கானரின் 'தி லோன்லி வாய்ஸ்', ஆனால் கதைகளைப் படித்த பிறகு. ஸ்ட்ராண்டின் பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனாகவே இருக்கின்றன. ஹோம்ஸ் கதையைத் தனிப் புத்தகத்தில் படிக்காமல் அங்கே போய், படங்களோடும் முன்னும் பின்னும் இருக்கிற மற்றக் கட்டுரைகளோடும் சேர்த்து, இந்த வாரமே படித்துவிடுங்கள்.