கட்டம் கட்டிக் கேட்டவை

(இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், யாங்கோனில் பர்மிய மொழிக் காமிக்ஸுக்குக் கதை எழுதும் தமிழ்ப் பெண்மணி. "பெயர் வேண்டாம், கதைக்கார அக்கா என்றே போடுங்கள்" என்றார். போட்டுவிட்டோம்.)

வாசகி, பெகு: அக்கா, புதிய புத்தகம் வரப்போகிறதாமே? எப்போது, என்ன கதை?

தைப்பூசத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அச்சகத்தார் சொல்லும் தேதியை நான் காலண்டரில் குறிப்பதில்லை. நீங்களும் குறிக்க வேண்டாம்.

ஜப்பான்காரன் வந்தபோது நம் ஆட்கள் ஊரை விட்டு நடந்தார்களே, அந்தக் கதைதான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் முதல் குண்டு விழுகிறது. ஒரு குடும்பம் கிளம்புகிறது. ரயிலில் புரோம் வரைக்கும் போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் தவுங்குப் கணவாய் வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து, கடற்கரையில் இறங்கி, அக்யாபுக்குப் போய், அங்கிருந்து சிட்டகாங்குக்குக் கப்பல். அத்தனையும் கறுப்பு வெள்ளையில். முதலில் பர்மிய மொழிப் பதிப்பு, அப்புறம் தமிழ்.

சின்னவர்களுக்கான தொடரிலும் ஒரு பாகம் வருகிறது. யாங்கோன் வட்ட ரயிலில் அவித்த பயறு விற்கும் பையனும் அவன் நாயும் இந்த முறை ரயிலில் தொலைந்துபோன ஒரு பாட்டியைத் தேடுகிறார்கள். பாட்டி தொலையவே இல்லை என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். சொல்லிவிட்டேனோ? பரவாயில்லை, பிள்ளைகள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.

ஆசிரியர், தட்டோன்: உங்களுக்குப் படம் வரைய வராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வேலைதான் என்ன? வசனம் எழுதுவதா?

வசனம் கடைசி வேலை ஐயா. சில பக்கங்களில் அந்த வேலையே இருக்காது.

நாவல் எழுதுகிறவர் 'ஆற்றைக் கடந்தார்கள்' என்று ஒரு வரியில் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. என்ன படகு? துடுப்பா, கழியா? யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மூட்டை எதில் கட்டியிருக்கிறது, கோணியா, பழைய சேலையா? இதெல்லாம் தெரியாமல் ஓவியரிடம் ஒரு கட்டத்தைக்கூடக் கொடுக்க முடியாது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். ஆகவே எழுதுவதைவிட விசாரிப்பதுதான் அதிகம். வயதானவர்களைத் தேடிப் போய், "பாட்டி, அந்தத் தூக்குச்சட்டிக்கு மூடி இருந்ததா?" என்று கேட்பேன். அவர்கள் பெரிய துயரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நான் மூடியைக் கேட்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் மூடியிலிருந்து பேச்சைத் தொடங்கியவர்கள்தான் அதுவரை பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என் ஓவியர் பர்மியர். கை அப்படி ஒரு கை. ஆனால் நம் வீட்டுக்குள் வளர்ந்தவர் இல்லையே. தண்ணீர் எடுத்துவரும் பெண்ணை வரையச் சொன்னால் குடத்தைத் தலையில் வைத்துவிட்டார். அவர் பார்த்த பெண்கள் தட்டையும் கூடையையும் தலையில்தான் சுமக்கிறார்கள், அவருக்கு அதுதான் இயல்பு. இந்தக் கதையின் அம்மாவுக்கோ குடம் இடுப்பில். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எங்கள் அடுக்குமாடி நடையில் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரை நிரப்பி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து காட்டினேன். உடம்பு வலப்பக்கம் சாயும், வலது கை தானாக வெளியே வீசும், முந்தானையை இழுத்துச் செருகாவிட்டால் நனையும். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து வரைந்து தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். புத்தகத்தில் அந்த அம்மா நடக்கும் நடை என் நடைதான், இளைத்த உடம்பில்.

மழையிலும் ஒரு வாக்குவாதம். கணவாய்க் காட்சியில் மழை வேண்டும் என்று ஓவியர் ஒற்றைக் காலில் நின்றார். மழைக்கோடு போட்டால் பக்கம் தானாகவே சோகமாகிவிடும், அவருக்கும் வேலை மிச்சம். ஆனால் இவர்கள் நடப்பது பிப்ரவரியில். அரக்கான் மலையில் மழை மே மாதம்தான் பிடிக்கும். மழையில் சிக்கிச் செத்தவர்கள் பிந்திக் கிளம்பி வடக்கே தமு வழியாகவும் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் போனவர்கள். தவுங்குப் போனவர்களுக்கு எமன் வேறு: புழுதி, தாகம், காலரா. ஆகவே காய்ந்த மூங்கில் காடு வரையச் சொன்னேன். மூங்கிலை ஒவ்வொன்றாக வரைந்தவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் கொடுக்கும் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு துண்டு:

'கட்டம் 2. காலை. காய்ந்த மூங்கில் இலை தரை முழுக்க. பெரியவர் தகரப் பெட்டியைக் கீழே வைக்கிறார். முகம் வேண்டாம். கையும் பெட்டியும் போதும். பூட்டு தெரிய வேண்டும். வசனம் இல்லை.'

பூட்டு எதற்கென்றால், அடுத்த பக்கத்தில் அவர் சாவியை மடியில் முடிந்துகொண்டு பெட்டியை விட்டுவிட்டுப் போகிறார். அது பக்கத்தைப் புரட்டியபின்தான் தெரிய வேண்டும். இடப்பக்க மேல்மூலையில், அதாவது இரட்டைப்படை எண் பக்கத்தின் முதல் கட்டத்தில் வைத்தால்தான் வாசகர் கண் முன்கூட்டியே அங்கே ஓடாது. இந்தக் கணக்குக்காக ஒரு நல்ல காட்சியையே வெட்டியிருக்கிறேன். இப்போது சொல்லுங்கள், இது வேலைதானே?

சிறுவன், யாங்கோன்: உங்கள் கதையில் நாய் ஏன் பேசுவதில்லை?

பேசினால் யார் திருடன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் கண்ணா. அதற்கு எல்லாம் தெரியும்.

வாசகி, சிரியம்: பள்ளிப் பிள்ளைகள் கையில் போகிற புத்தகத்தில் காலராவும் சாவும் அவசியமா?

நானும் நிறைய யோசித்தேன் அம்மா. பாதி மறைத்துச் சொன்னால் அது சுற்றுலாக் கதையாகிவிடும். காட்டுக்குள் போனார்கள், கடலைப் பார்த்தார்கள் என்று. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அதே சமயம், கிடக்கும் உடம்புகளை வரிசையாக வரைந்து பிள்ளைகளைப் பயமுறுத்தவும் விருப்பமில்லை. கடைசியில் நான் கண்ட வழி இது: கூட்டத்தில் ஒரு சிறுமி பித்தளைச் சொம்பு வைத்திருப்பாள். நான்கைந்து பக்கங்களுக்கு எங்காவது ஒரு கட்டத்தில் அவள் தெரிவாள். அப்புறம் சொம்பு வேறொரு பெண் கையில் இருக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளை கவனிக்காமல் போகும், பெரிய பிள்ளை நின்று முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும். நின்று பார்க்கிற வயது வந்துவிட்டால் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் பிள்ளைக்கு வட்ட ரயில் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.

வாசகர், மோல்மீன்: இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன் நான். ஊரிலிருந்து மாமா கொண்டுவருவார். அதை எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் பெயரும் அட்டையில் சின்னதாகத்தான் இருக்கிறது. வருத்தம் இல்லையா?

மாயாவி 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்தவர். எழுதத் தொடங்கியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஸ்பெயினின் ஹெஸுஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் அதைத் தமிழில் கொண்டுவந்தபோது நம்மிடம் மாயாவி மட்டும் வந்து சேர்ந்தார், எழுதியவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். மின்சாரத்தில் கை வைத்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற அந்த யோசனை ஒரு எழுத்தாளன் யோசனை என்று எனக்குத் தோன்றும். முழுதாக மறைந்தால் ஓவியருக்கு வரைய ஒன்றுமில்லை, கை மிச்சம் இருந்தால் பக்கம் முழுக்க வேடிக்கை. இப்படி ஓவியருக்குத் தீனி போடுவதுதான் எங்கள் தொழில்.

வருத்தமா? பெயர் சின்னதாக இருப்பதில் இல்லை. எழுத்துப்பிழையோடு இருந்தால் வரும்.

வாசகர், மாந்தளை: இதில் வயிறு நிறையுமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இதை மட்டும் நம்பினால் நிறையாது. காலையில் டியூஷன் எடுக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஓவியருக்கு என்னைவிடக் கூட, அது சரியும்கூட. ஒரு பக்கத்தில் அவர் உட்காரும் நேரத்துக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. பலகையில் உட்கார்ந்து அங்கேயே படித்துவிட்டுப் போகலாம். ஒரு பிரதியை ஊரே படிக்கும். எங்களுக்கு ஒரு பிரதிக் காசு, ஆனால் கடைகள் வாங்கின. 2014இல் சிம் கார்டு சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பலகைகள் காலி. கைபேசியில் படிக்கிறவர்கள் இப்போது இன்னும் கூட. அங்கே இலவசம்தான் ராஜா. காகித விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை ஆசிரியரும் சேர்ந்து அழுவார், விட்டுவிடுவோம்.

வாசகர், மோரே, மணிப்பூர்: நாங்கள் 1964க்குப் பிறகு பர்மாவை விட்டுப் போன குடும்பம். திரும்பி வரலாம் என்று எல்லை வரை வந்து, முடியாமல் இங்கேயே தங்கிவிட்டோம். 1942 பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் கதையை யார் வரைவார்கள்?

அண்ணா, உங்கள் கடிதம் என் மேசையிலேயே இருக்கிறது. 1942இல் நடை இருக்கிறது, மலை இருக்கிறது, படமாக்க எளிது. உங்கள் கதையில் இருப்பது வரிசை, படிவம், முத்திரை. கடையை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தது. இவற்றை எப்படி வரைவது என்று ஓவியரும் நானும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஒரு யோசனை இருக்கிறது: முழுப் பக்கத்துக்கும் துறைமுகச் சோதனை மேசை ஒன்று. அதன்மேல் ஒரு குடும்பத்தின் பொருட்கள். இந்தப் பக்கம் கொண்டுபோகலாம், அந்தப் பக்கம் கூடாது. மனிதர்கள் வேண்டாம், கைகள் மட்டும்.

அதற்கு உங்கள் தயவு வேண்டும். கப்பல் சீட்டு யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். மேசை மரமா, இரும்பா? குழந்தை காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொன்னார்களா, விட்டார்களா? ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், அதையே வரைவோம்.

மாணவி, யாங்கோன்: தமிழ்ப் பதிப்புக்கு அதே படங்கள்தானே? ஏன் இவ்வளவு தாமதம்?

படங்கள் அதே. பேச்சுக் குமிழிதான் தகராறு. பர்மிய எழுத்து வரியில் சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் ஓடும், அசை முடிந்த இடத்தில் மடக்கிக்கொள்ளலாம். தமிழில் 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒருத்தி சொன்னால் குமிழி கிழிந்துவிடும். அதனால் கணவாயில் நடக்கும் எல்லாரும் சுருக்கமாகப் பேசுகிறார்கள். தாகத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வட்ட ரயிலின் பழைய பாகங்களை மறுபதிப்புச் செய்வதில் தொல்லை வேறு. அவை ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் செய்தவை. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்பைத் திறந்தால் பயறு விற்கும் பையன் வாயில் புரியாத கோலம் வருகிறது. எல்லாக் குமிழியையும் திரும்பத் தட்டச்சு செய்கிறோம். பொறுங்கள்.

இளைஞர், பெகு: நானும் காமிக்ஸ் கதை எழுதியிருக்கிறேன். அனுப்பினால் படிப்பீர்களா? எப்படி அனுப்புவது?

படிப்பேன். பத்திரிகை முகவரிக்கு, எனக்கென்று எழுதி அனுப்புங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். உலகத்தைக் காப்பாற்றுகிற வீரனின் ஏழு தலைமுறை வரலாறும் வேண்டாம். நான்கு பக்கம், கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியது போதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு செயல். 'அவன் எழுந்து கதவைத் திறந்து வெளியே பார்த்துத் திடுக்கிட்டான்' என்று எழுதினால் அது நான்கு கட்டம், ஓவியர் உங்களை அடிக்க வருவார். 'மிகவும் சோகமாக' என்ற வார்த்தையை எங்கு எழுதியிருந்தாலும் அடித்துவிட்டு, கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

கையெழுத்தில் எழுதினாலும் சரி, தட்டச்சு செய்தாலும் சரி. கைபேசியில் துண்டு துண்டாக அனுப்பினால் மட்டும் படிக்க மாட்டேன். பதில் வரக் கொஞ்சம் நாளாகும், டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்.