பிரீமியம் எக்கொனமி: பெயரைப் பார்க்க முன் விமானத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் தேய்மானம். அம்மாவுக்கு 64, உயரம் ஐந்தடிக்குள். இருவரும் லண்டனில் இருக்கும் அக்காவிடம் போகப் போகிறார்கள். அடுத்த வருடம் மெல்பேர்ணில் அண்ணாவிடமும் போகும் யோசனை. பிஸ்னஸ் கிளாஸுக்கு வசதியில்லை. பிரீமியம் எக்கொனமி எடுத்துக் கொடுக்க நினைக்கிறேன். எந்த விமான நிறுவனம் நல்லது?

பதில்: எக்கொனமிக்கும் பிஸ்னஸுக்கும் இடைப்பட்ட இந்த வகுப்பு, கொழும்பிலிருந்து பறக்கும் நிறுவனங்களில் சிலவற்றிடம் மட்டுமே உண்டு. ஸ்ரீலங்கன், கட்டார், எத்திஹாட் மூன்றிலும் கிடையாது. எமிரேட்ஸ், சிங்கப்பூர் எயர்லைன்ஸ், எயர் இந்தியா ஆகியவற்றில் உண்டு. ஆனால் அவர்களிடமும் எல்லா விமானத்திலும் இல்லை. ஏமாற்றம் வருவது இந்த இடத்தில்தான். சிங்கப்பூர் எயர்லைன்ஸின் 787-10, 737 விமானங்களிலும் கிட்டிய தூரம் ஓடும் ஏ350 விமானங்களிலும் பிஸ்னஸும் எக்கொனமியும் மட்டுமே. கொழும்பு – சிங்கப்பூர் பாதைக்கு வருவது அந்த வகைதான். எமிரேட்ஸின் நான்கு வகுப்பு ஏ380இல் 56 பிரீமியம் ஆசனங்கள் உள்ளன, புதுப்பித்த போயிங் 777இல் 24. பழைய அமைப்புள்ள விமானங்களில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே டிக்கட்டை மொத்தமாகப் பார்க்காமல் ஒவ்வொரு பறப்பாகப் பிரித்துப் பாருங்கள். பயணத் திகதியைப் போட்டு, ஒவ்வொரு பறப்புக்கும் என்ன வகுப்பு எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். பிறகு ஆசன வரைபடத்தைத் திறவுங்கள். பிரீமியம் பகுதி தனியாக, பெரும்பாலும் 2-4-2 (ஜன்னல் பக்கம் இரண்டிரண்டு, நடுவில் நான்கு) என்ற வரிசையில் தெரிய வேண்டும். ஏஜென்சியில் எடுத்தாலும் காசு கட்ட முன் இந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது திசை. லண்டனுக்குச் சிங்கப்பூர் வழியாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. கிழக்கே நான்கு மணித்தியாலம் பறந்துவிட்டு, அங்கிருந்து மேற்கே பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் திரும்ப வரவேண்டும். டுபாய் வழி என்றால் கிட்டத்தட்ட நாலரை மணித்தியாலமும் ஏழரை மணித்தியாலமும். மெல்பேர்ணுக்கு இதே கணக்கு தலைகீழ். அங்கே சிங்கப்பூர்தான் வழி. பிரீமியம் உள்ள விமானமாகப் பார்த்து எடுத்தால், கடைசி ஏழரை மணித்தியாலத்துக்கு அந்த ஆசனம் கிடைக்கும். டுபாய் வழியாகப் போனால்தான் வீண் சுற்று.

விலையை இப்படிக் கணக்குப் பாருங்கள்: எக்கொனமிக்கு மேலதிகமாகக் கேட்கும் தொகையை, உண்மையில் பிரீமியம் ஆசனத்தில் இருக்கப்போகும் மணித்தியாலத்தால் வகுங்கள். ஒரு பேச்சுக்கு, மேலதிகம் 1,50,000 ரூபாய் என்று வைப்போம். டுபாய் – லண்டன் மட்டும் பிரீமியம் என்றால் மணிக்கு 20,000 ரூபாய். இரண்டு பறப்பும் பிரீமியம் என்றால் அதே தொகை மணிக்கு 12,500 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

லண்டனுக்கு என் முடிவு இது. இரண்டு பறப்பிலும் பிரீமியம் உறுதியாகக் கிடைத்தால் எமிரேட்ஸை எடுங்கள். டுபாயில் எழும்பி நடப்பதும் அப்பாவின் முழங்காலுக்கு நல்லது. ஒரு பறப்பில் மட்டும்தான் என்றால் ஸ்ரீலங்கனின் நேரடி விமானத்தில் எக்கொனமி எடுங்கள். ஏறத்தாழ 11 மணித்தியாலம். இடையில் இறங்கி ஏறும் அலைச்சல் இல்லை. அவர்களின் ஏ330இல் எக்கொனமியும் 2-4-2தான். ஜன்னல் பக்கம் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கலாம்.

ஆசனத் தெரிவில் கவனம் வேண்டும். எக்கொனமியில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 31, 32 அங்குலம். சிங்கப்பூர் பிரீமியத்தில் 38, எமிரேட்ஸில் 40 வரை. ஆனால் முன்னால் இருப்பவர் எட்டு அங்குலம் சாய்ந்துவிட்டால், ஜன்னல் பக்கம் இருப்பவர் வெளியே வரப் பக்கவாட்டில் வளைந்து நெளிய வேண்டும். அப்பாவுக்கு நடைபாதை ஆசனம்தான். சுவருக்கு நேரே இருக்கும் முதல் வரிசை வேண்டாம்: யாரும் மேலே சாய மாட்டார்கள் என்பது உண்மை, ஆனால் அங்கே காலை முன் ஆசனத்துக்குக் கீழே நீட்ட முடியாது. மருந்துப் பையையும் புறப்படும்போதும் இறங்கும்போதும் மேலே வைத்துவிட வேண்டும். நீட்டினால்தான் நோவு குறையும் முழங்காலுக்கு இரண்டாம், மூன்றாம் வரிசை உகந்தது.

அம்மாவுக்குச் சிக்கல் வேறு. ஐந்தடி உயரத்துக்குப் பாதம் தரையில் பதியாது. ஆசன விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், கால் வீங்கும். பிரீமியத்தில் உள்ள பாதத் தாங்கி அவருக்குக் கூடுதல் இடைவெளியைவிடப் பெரிய உதவி. எக்கொனமியில் போனால் சிறிய கைப்பையை முன்னால் வைத்து அதன்மேல் பாதத்தை வைக்கச் சொல்லுங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். இறுக்கக் காலுறை போடலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வீல்செயர் இலவசம். குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் பதிய வேண்டும். படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் பதிவில் டபிள்யூ.சி.எச்.ஆர் (WCHR) என்ற குறியீடு, படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ் (WCHS). எழுத்தை மாற்றிப் பதிந்தால், பஸ்ஸில் கொண்டுபோய் ஏணியடியில் விட்டுவிடுவார்கள். டுபாயில் மாறும் நேரம் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுங்கள். வீல்செயர் வர நேரமெடுக்கும், ஏ பகுதி வாசல் என்றால் உள்ளே ரயிலும் ஏற வேண்டும்.

பிரீமியத்துக்கு எமிரேட்ஸும் சிங்கப்பூரும் 35 கிலோ பொதி தருகின்றன. கைப்பொதி எமிரேட்ஸில் 10 கிலோ, சிங்கப்பூரில் 7. ஒரு பறப்பு பிரீமியம், மற்றது எக்கொனமி என்று கலந்த டிக்கட்டில் ஒவ்வொரு பறப்புக்கும் என்ன எடை அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) வசதி இந்த விலையில் சேராது.

கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றி எக்கொனமியில் இருத்தினால் சும்மா விடாதீர்கள். லண்டனிலிருந்து புறப்படும் பறப்புக்கு, எந்த நாட்டு நிறுவனமானாலும், பிரித்தானியச் சட்டம் பொருந்தும்: 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பறப்பில் அந்தப் பறப்புக்கான விலையின் 75 சதவீதத்தைத் திருப்பித்தர வேண்டும். போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். போகும்போது டுபாய் – லண்டனில் எமிரேட்ஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இவ்வளவும் பார்த்துவிட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கான பயணத்தை மறந்துவிடாதீர்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஐந்தாறு மணித்தியாலம் வான் வண்டிக்குள் மடக்கிய முழங்காலோடு வந்து, உடனே விமானத்தில் ஏறினால் எந்த ஆசனமும் நோகும். அதிகாலைப் பறப்பு என்றால் முதல் நாள் காலையிலேயே புறப்பட்டு, நீர்கொழும்புப் பக்கம் இரவு தங்க வையுங்கள். கந்தளாய் – ஹபரணை வீதியில் இரவில் யானை குறுக்கிடும். அந்தத் துண்டை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.