பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால்?

கேள்வி: பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் காத்திருப்போர் பட்டியலில் இரண்டு மாதங்கள் இருந்த என் மகளுக்குக் கடைசியில் இடம் கிடைக்கவில்லை. இடம் கொடுத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை உறவினர்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. "இனி எதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டுக்கொண்டு அறையிலேயே முடங்கிக் கிடக்கிறாள். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வர முடியுமா?

பதில்: இல்லை. ஆனால், "பெயரில் ஒன்றுமே இல்லை" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையில்லை, அவரும் நம்பமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு ஆள் எடுக்கும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். மேசையில் குவிந்திருந்த விண்ணப்பங்களை ஒருவர் இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தாளிலும் அவர் கண் நின்றது கல்லூரியின் பெயர் இருந்த வரியில் மட்டும்தான். இரண்டாவது அடுக்கை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, முதல் கதவைத் திறந்துவிடும் வலிமை பெயருக்கு உண்டு. அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் அது கூட வரும் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து, ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குரூகர் புகழ்பெற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பதால், பெரிய பெயர்களைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரியான அனுமதிகளையும் மறுப்புகளையும் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டபோது, அவர்களில் புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவர்களும் மற்றக் கல்லூரிகளில் படித்தவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சம்பாதித்தார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. புகழ்பெற்ற கல்லூரி அவர்களுடைய வருமானத்தை உயர்த்தியது. உறவிலும் நட்பிலும் கைதூக்கிவிட ஆளில்லாத பிள்ளைக்கு அந்தத் தொடர்புகளைக் கல்லூரியே ஏற்படுத்தித் தருகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகிய மூவரும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட 12 கல்லூரிகளின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையே எடுத்துக்கொண்டு, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால், வருமானத்தில் உச்சியில் உள்ள 1 விழுக்காட்டினருள் ஒருவராகும் வாய்ப்பு, இடம் கிடைத்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. புகழ்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்போ மும்மடங்கு. பெயரைப் பார்த்தே ஆள் எடுக்கும் சில துறைகளின் உச்சியைத் தொட விரும்புகிறவருக்கு இது இழப்புதான். அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி என்று தேர்ந்த திறமையே சோறு போடும் துறைகளில் அந்த இழப்பு மிகச் சிறியது என்பது என் கருத்து.

நீல ஒளி எல்.ஈ.டி.க்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷூஜி நாகமுரா, ஜப்பானின் டோகுஷிமா பல்கலைக்கழகத்தில் படித்தவர். வெளிநாடுகளில் அதிகம் அறியப்படாத பெயர் அது. 1979-இல் முதுநிலைப் பட்டத்துடன் அதே வட்டாரத்து வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அங்கே இருந்தபடிதான் அந்த விளக்கை உருவாக்கினார். எல்லோரும் நாகமுரா ஆகிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். சோதனைக்கூடத்தில் அவர் கழித்த ஆண்டுகளை மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கட்டணம் செலுத்துவதற்கு முன், அவர் சேரப்போகும் துறையில் யார் யார் பாடம் நடத்துகிறார்கள், அவர்கள் இப்போது எதை ஆராய்கிறார்கள், முதலாண்டு மாணவர்களைச் சோதனைக்கூடத்துக்குள் விடுகிறார்களா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த ஆசிரியர்களில் ஒருவருக்கு அவரே ஒரு கடிதம் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.